நிரலறியாப் பயனருக்கான வலை வார்ப்புருவில் செருகுநிரல் அமைப்பும் தமிழ்ப் புணர்ச்சியும்: மேனாம்பேடு என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிரல் எழுதத் தெரியாதோர் தாமே இணையதளம் அமைத்துக்கொள்ள உதவுவன வலை வார்ப்புருக்கள். அவ்வார்ப்புருக்களில் இல்லாத வசதியைப் பின்னர்ச் சேர்க்க உதவுவன செருகுநிரல்கள். பெயரைக் கட்டத்தில் இட்டு வாக்கியம் உருவாக்கும் இவ்வமைப்புகள் தமிழின் வேற்றுமைப் புணர்ச்சியைக் கருத்தில் கொள்ளாமல் வடிவமைக்கப்படும்போது பிழையான தொடர்களே கிடைக்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு, இச்சிக்கலைத் தீர்க்கும் செருகுநிரல் எவ்வாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேர்ட்பிரஸ், மீடியாவிக்கி ஆகிய இரு மென்பொருள்களின் நீட்சி அமைப்புகள் ஒப்புநோக்கப்படுகின்றன. இலக்கண நூல்களின் புறனடை என்னும் கருத்து இவ்வடிவமைப்புக்குத் துணைசெய்யும் என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வார்ப்புரு, செருகுநிரல், கொக்கி, வேற்றுமைப் புணர்ச்சி, குற்றியலுகரம், புறனடை, ஊர்ப்பெயர்.

முன்னுரை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை, மேனாம்பேடு முதலிய பகுதிகளில் வாழ்வோர், சிறு பட்டறை, கடை, பயிற்சி நிலையம், பள்ளி எனப் பல்வகைத் தொழில் செய்வோர். இத்தகையோர் தமக்கென ஓர் இணையதளம் வேண்டும்போது நிரலரை நாடாமல் ஆயத்த வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்து, அதன் கட்டங்களில் தம் நிறுவனப் பெயர், தொழில், ஊர் ஆகியவற்றை நிரப்புவது இன்று இயல்பான வழியாகும்.

அவ்வாறு நிரப்பும்போது ‘ஊர்’ என்னும் கட்டத்தில் ‘மேனாம்பேடு’ என இட்டால், வார்ப்புரு உருவாக்கும் தொடர் ‘மேனாம்பேடுஇல் லேத் வேலை’ என்று அமையக்கூடும். தமிழ் தெரிந்த எவரும் இதனைப் பிழை என்பர். ஆயினும் பிழையைத் திருத்தும் வாய்ப்பு, அதைக் காணும் பயனர் கையில் இல்லை. ‘இல்’ என்னும் உருபு வார்ப்புருவின் நிரலுக்குள் உறைந்து கிடக்கிறது. பயனருக்கு எஞ்சும் வழிகள் மூன்று: பிழையோடு வெளியிடுதல், தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தில் அமைத்தல், தக்க செருகுநிரலைத் தேடுதல். மூன்றாம் வழி திறந்திருக்குமா என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. தமிழ் எழுதத் தெரிந்தவர், நிரல் எழுதத் தெரியாத ஒரே காரணத்தால் தம் தளத்தில் தமிழைப் பிழைபட எழுத நேர்வது மொழியாய்வாளரும் கவனிக்கவேண்டிய செய்தியாகும்.

வார்ப்புருவும் செருகுநிரலும்

வார்ப்புரு என்னும் சொல் கணினித் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, ஒரு தளத்தின் தோற்றத்தையும் பக்க அமைப்பையும் வரையறுக்கும் சட்டகம். இரண்டாவது, ஒரே வகைச் செய்தியைப் பல பக்கங்களில் ஒரே வடிவில் காட்டுவதற்கான தொடர்ச்சட்டகம். 2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வார்ப்புரு’ என்னும் பெயர்வெளி இவ்விரண்டாம் பொருளில் அமைந்தது. இரு பொருளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: மாறாத பகுதி முன்னரே எழுதப்பட்டிருக்கும், மாறும் பகுதிக்கு இடம் விடப்பட்டிருக்கும்.

செருகுநிரல் என்பது, மூல மென்பொருளைத் திருத்தாமல் அதன் செயலைக் கூட்டவோ மாற்றவோ பயன்படும் தனி நிரல். மீடியாவிக்கியில் இது நீட்சி எனப்படும். தனித்து இயங்காமல் பிறிதொன்றைச் சார்ந்தே பயன்தருதல் இதன் இயல்பு. பெயரையும் வினையையும் சார்ந்து வரும் இடைச்சொல்லோடு இதனை ஒப்பிடலாம். வேற்றுமை உருபும் சாரியையும் பெயரின்றிப் பொருள் பயவா. பெயரும் உருபின்றித் தொடரில் தன் உறவை எப்போதும் தெளிவாகக் காட்டுவதில்லை. செருகுநிரலும் மூல மென்பொருளும் இவ்வாறே ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. இவ்வொப்புமை விளக்கத்துக்குரியதே அன்றி, இலக்கணத்தையும் நிரலையும் ஒன்றாக்குவதன்று.

தொழிற்பேட்டைப் பட்டறையில் இதற்கு இன்னும் எளிய சான்று உண்டு. மில்லிங் எந்திரத்தின் மேசையில் ‘டி’ வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளத்தின் அளவுக்குப் பொருந்தும் போல்ட் இருப்பின் எந்தப் பிடிப்பானையும் மேசையில் பூட்டலாம். எந்திரத்தை அறுக்க வேண்டியதில்லை. நாளை எவ்வகைப் பொருள் வரும் என்று எந்திரம் செய்தவர் அறியார். பள்ளம் எங்கே, எவ்வளவு அகலம் என்பதை மட்டுமே அவர் உறுதி செய்கிறார். செருகுநிரல் அமைப்பின் அடிப்படையும் இதுவே.

கொக்கியும் புறனடையும்

2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2004 மே மாதத்தின் 1.2 பதிப்பில் செருகுநிரல் வசதியைப் பெற்றது. தோற்றச் சட்டகங்களை மாற்றிக்கொள்ளும் வசதி 2005 பிப்ரவரியில் 1.5 பதிப்போடு வந்தது. இன்று அதன் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் ஏறத்தாழ 60,000 செருகுநிரல்கள் உள்ளன. இவ்வளவு பெருக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தவை ‘கொக்கி’ எனப்படும் நீட்சிப் புள்ளிகள். மூல நிரல் ஓடும்போது குறித்த இடங்களில் தன் பெயரிட்ட கொக்கியை அறிவிக்கும். அக்கொக்கியில் தொங்கவிடப்பட்ட செருகுநிரல் அப்போது இயங்கும்.

கொக்கிகள் இருவகைப்படும். ஒரு நிகழ்வு நடந்ததை அறிவிப்பது செயற்கொக்கி. ஒரு மதிப்பைக் கையளித்து மாற்றப்பட்ட மதிப்பைத் திரும்பப் பெறுவது வடிகட்டிக் கொக்கி. ஊர்ப்பெயரோடு உருபு சேர்க்கும் பணி இரண்டாம் வகையைச் சார்ந்தது. ‘மேனாம்பேடு’, ‘ஏழாம் வேற்றுமை’ என்னும் இரண்டையும் பெற்று ‘மேனாம்பேட்டில்’ என்பதைத் திருப்பித் தருவது அதன் பணி.

தொல்காப்பியத்தில் பல இயல்கள் புறனடை நூற்பாவால் முடிகின்றன. சொல்லப்பட்ட விதிகளுள் அடங்காத வழக்கு உண்டு என்பதை நூலாசிரியர் ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தழுவிக்கொள்ளும் வழியையும் நூலுக்குள்ளேயே வைத்துவிடுகிறார். பிற்காலத்தார் மூலத்தைச் சிதைக்காமலே புதிய வழக்குக்கு இடம் காண இது உதவியது. நீட்சிப் புள்ளியும் அத்தகைய முன்னேற்பாடே. புறனடை எதற்கு வகுக்கப்பட்டது என்பது அது நிற்கும் இயலால் விளங்குவது போல, நீட்சிப் புள்ளி எதை மாற்ற விடுகிறது, எதை விடவில்லை என்பதும் அதன் பெயராலும் இடத்தாலும் விளங்க வேண்டும். வரம்பின்றித் திறந்துவிடப்பட்ட மென்பொருளில் எந்தச் செருகுநிரல் எதை மாற்றியது என்பதைப் பயனர் கண்டறிய இயலாது.

ஓர் உருபின் சிக்கல்

மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்கள் தமிழ்ப் புணர்ச்சியின் பல வகைகளை ஒருங்கே காட்டுகின்றன. ‘இல்’ உருபு சேரும்போது அவை அடையும் வடிவங்கள் வருமாறு.

இகர, ஐகார ஈற்றுப் பெயர்கள் யகர உடம்படுமெய் பெறும்: ஆவடியில், பூந்தமல்லியில், பாடியில், மண்ணூர்பேட்டையில். ரகர, லகர மெய்யீற்றுப் பெயர்களில் மெய்யின்மேல் உயிர் ஏறும்: அம்பத்தூரில், முகப்பேரில், திருமுல்லைவாயிலில், மதுரவாயலில். மகர ஈற்றுப் பெயர்கள் ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறும்: அயப்பாக்கத்தில், பட்டரவாக்கத்தில், வானகரத்தில். உயிர்த்தொடர்க் குற்றியலுகர ஈற்றில் டகர ஒற்று இரட்டிக்கும்: மேனாம்பேட்டில், கோயம்பேட்டில், திருவேற்காட்டில். வன்தொடர்க் குற்றியலுகரமாயின் இரட்டிப்பு நிகழாது. உகரம் கெட்டு உயிர் ஏறும்: செங்கல்பட்டில்.

இவ்வைந்து வகைகளையும் பிரித்தறியப் பெயரின் கடைசி எழுத்து மட்டும் போதாது. ‘மேனாம்பேடு’, ‘செங்கல்பட்டு’ ஆகிய இரண்டும் ‘டு’ என்றே முடிகின்றன. ஈற்றயல் எழுத்து உயிர்மெய்யா, புள்ளி பெற்ற மெய்யா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது. இங்குக் குறிமுறையும் கருதத்தக்கது. யூனிக்கோடில் ‘மேனாம்பேடு’ என்னும் சொல் 10 குறியீட்டுப் புள்ளிகளால் ஆனது; யுடிஎஃப்-8 முறையில் அது 30 பைட்டுகள். தமிழ் நோக்கில் அதில் உள்ள எழுத்துகளோ மே, னா, ம், பே, டு என ஐந்து. ‘கடைசி எழுத்து’ என்று கேட்கும் நிரல், பைட்டை எண்ணினால் உடைந்த துணுக்கைப் பெறும். குறியீட்டுப் புள்ளியை எண்ணினால் உகரக் குறியை மட்டும் பெறும். எழுத்து என்னும் அலகை அறிந்த நிரலே ‘டு’ என்பதைப் பெறும். எனவே உருபுச் செருகுநிரலின் முதல் தேவை, எழுத்தைத் தமிழ் மரபின்படி எண்ணுதலாகும்.

மீடியாவிக்கியில் இப்பணி நெடுங்காலம் கடினமாக இருந்தது. விக்கிப்பீடியாத் தளங்களின் வார்ப்புருக்களில் நிபந்தனை அமைக்கும் வசதி 2006-இல் ஒரு நீட்சியின் வழி வந்தது. சொல்லைப் பகுத்து அதன் ஈற்றை ஆராயும் நேரிய வழி அப்போதும் இல்லை. 2013-இல் ஸ்கிரிபண்டோ என்னும் நீட்சி லுவா மொழியில் கூறுகள் எழுத இடமளித்தது. யூனிக்கோடு சரங்களைக் கையாளும் நூலகமும் அதனோடு வந்தது. இதன் பயன் நிரலறிந்தோர்க்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. ஒருவர் லுவாவில் எழுதிய கூற்றினைப் பிறர் வழக்கமான வார்ப்புரு போலவே அழைத்துப் பயன்படுத்தலாம்.

செருகுநிரல் இன்றியும் ஒரு வழி உண்டு. ‘மேனாம்பேட்டில் லேத் வேலை’ என்பதற்கு மாற்றாக ‘லேத் வேலை – இடம்: மேனாம்பேடு’ எனத் தொடரை அமைத்தால் உருபு தேவைப்படாது. வார்ப்புருவை மொழிபெயர்ப்போர் பலரும் இவ்வழியைக் கையாள்வர். பட்டியலுக்கும் முகவரிக்கும் இது போதும். தொடர்ச்சியான உரைநடைக்கு இது போதாது. எல்லாத் தொடரும் படிவம் போல் ஆகிவிடும்.

விதி, விலக்கு, விருப்பம்

உருபுச் செருகுநிரலுக்குள் மூவகை அறிவு கலந்துள்ளது. அவற்றைப் பிரித்து வைத்தலே நிரலறியாப் பயனருக்குச் செய்யும் பேருதவி.

முதலாவது விதி. மேற்கூறிய ஐவகைப் புணர்ச்சி போன்றவை நிலையானவை. இவை நிரலுக்குள் இருத்தல் தகும். பயனர் இவற்றை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது விலக்கு. ‘கோடு’ என்பது வரையைக் குறிப்பின் ‘கோட்டில்’ என்றாகும். ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பாயின் ‘கோடில்’ என்றே பலர் எழுதுவர். ‘ரோடு’ என்னும் கடன்சொல்லோ ‘ரோட்டில்’ எனத் தமிழ் விதிக்கு இயைந்துவிட்டது. வடிவம் ஒன்றாயினும் வழக்கு வேறு. எந்த விதியாலும் இதனை முற்றக் கண்டறிய இயலாது. ஆகவே விலக்குகள் நிரலுக்கு வெளியே, இரு நிரல் கொண்ட எளிய அட்டவணையாக இருக்க வேண்டும்: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பயனர் விரும்பும் வடிவம். விதி தவறும் இடத்தில் பயனர் ஒரு வரி சேர்த்தால் போதும். புறனடையின் பயன் இங்கு நேரடியாகவே கிட்டுகிறது.

மூன்றாவது விருப்பம். நான்காம் வேற்றுமையில் ‘மேனாம்பேட்டுக்கு’, ‘மேனாம்பேட்டிற்கு’ என இரு வடிவமும் வழக்கில் உள்ளன; ‘அயப்பாக்கத்துக்கு’, ‘அயப்பாக்கத்திற்கு’ என்பனவும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றைப் பிழை என நிரல் தீர்மானிப்பது பொருந்தாது. பதிப்பகங்கள் தம் நடைமுறைக்கேற்ப ஒன்றைத் தேர்வது போல, பயனரும் அமைப்புப் பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவ்விடத்தில் ‘இன் சாரியையை இயக்குக’ என்று கேட்பதைவிட, இரு வடிவங்களையும் எடுத்துக்காட்டாகக் காட்டி ஒன்றைத் தேரச் சொல்வது பயனருக்கு எளிது. தமிழ் பேசுவோர் எல்லாரும் வடிவத்தை அறிவர். இலக்கணக் குறியீட்டை எல்லாரும் அறியார்.

கட்டத்தின் இயல்பை முன்னரே அறிவித்தலும் இதனோடு தொடர்புடையது. 2013-இல் மீடியாவிக்கியில் வந்த டெம்பிளேட்டேட்டா என்னும் நீட்சி, ஒரு வார்ப்புருவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர், விளக்கம், வகை, கட்டாயமா அன்றா என்பது, எடுத்துக்காட்டு ஆகியவற்றைக் குறிக்க இடம் தருகிறது. காட்சித் தொகுப்பி அக்குறிப்புகளைப் படித்துப் பயனருக்குப் படிவமாகக் காட்டுகிறது. ‘ஊர்ப்பெயரை உருபின்றி எழுதுக, எடுத்துக்காட்டு: மேனாம்பேடு’ என்று ஒரு வரி இருந்தாலே, பயனர் ‘மேனாம்பேட்டில்’ என இட, நிரல் ‘மேனாம்பேட்டில்இல்’ என ஆக்கும் இரட்டைப் பிழை தவிர்க்கப்படும்.

வரிசை முறை

ஒரே கொக்கியில் பல செருகுநிரல்கள் தொங்கும்போது எது முதலில் இயங்கும் என்னும் வினா எழுகிறது. வேர்ட்பிரஸில் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் உண்டு. எண் குறிக்கப்படாவிடின் 10 எனக் கொள்ளப்படும். சிறிய எண் முன்னர் இயங்கும். எண் ஒத்திருப்பின் சேர்க்கப்பட்ட வரிசையே இயங்கும் வரிசை.

உருபுச் செருகுநிரலோடு, ஊர்ப்பெயர்களுக்கு வரைபட இணைப்புக் கொடுக்கும் மற்றொரு செருகுநிரலும் ஒரு தளத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். இணைப்பு நிரல் முன்னர் இயங்கினால் ‘மேனாம்பேடு’ என்னும் சொல்லைச் சுற்றிக் குறிச்சொற்கள் அமையும். பின்னர் வரும் உருபு நிரல், சொல்லின் ஈற்றில் ‘டு’ என்பதைக் காணாமல் குறிச்சொல்லின் இறுதி அடைப்பையே காணும், இரட்டிப்பு நிகழாது. உருபு நிரல் முன்னர் இயங்கினால் ‘மேனாம்பேட்டில்’ என்றாகிவிட்ட சொல்லை இணைப்பு நிரல் தன் பட்டியலில் காணாது. இரு வரிசையும் பிழை தருகின்றன. ஒவ்வொரு செருகுநிரலும் தனித்துப் பார்க்கும்போது பிழையற்றது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

இலக்கணத்தில் புணர்ச்சி படிப்படியாக விளக்கப்படுகிறது: ஈறு கெடுதல், சாரியை தோன்றுதல், உருபு சேர்தல். ஒவ்வொரு படியும் எதன்மேல் இயங்குகிறது என்பது தெளிவு. செருகுநிரல் அமைப்பிலும் எண்ணால் ஆன முன்னுரிமையைவிடப் பெயரிட்ட படிகள் பொருத்தமானவை: சொல் அமைத்தல், தொடர் அமைத்தல், அணி செய்தல். உருபு நிரல் முதற்படியிலும் இணைப்பு நிரல் மூன்றாம் படியிலும் இடம்பெறும். முதற்படி, தன் விளைவோடு மூலப்பெயரையும் அடுத்த படிக்குக் கையளிக்க வேண்டும். அவ்வாறாயின் ‘மேனாம்பேட்டில்’ என்பதன் மூலம் ‘மேனாம்பேடு’ என்பதை இணைப்பு நிரல் அறியும். ஏன் 10, ஏன் 20 என்று எண்ணிப் பார்க்கும் சுமை பயனருக்கு இராது.

மீள்நோக்கில் எழும் ஐயம்

சொல்லிலிருந்து வடிவம் ஆக்குவதைவிட, வடிவத்திலிருந்து சொல்லைக் காண்பது கடினம். தளத்தின் தேடற்பெட்டி இப்பணியைச் செய்ய வேண்டியுள்ளது. ‘மேனாம்பேட்டை’ என ஒருவர் தட்டச்சிட்டால், அது ‘மேனாம்பேடு’ என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமா, ‘பேட்டை’ என முடியும் மற்றோர் ஊர்ப்பெயரின் எழுவாய் வடிவமா? ‘மண்ணூர்பேட்டை’ எழுவாய், ‘கோயம்பேட்டை’ செயப்படுபொருள். இரண்டும் ஒரே எழுத்துகளால் முடிகின்றன. ஊரை அறிந்தவர் ஐயுறார். நிரல் ஐயுற்றே ஆகவேண்டும்.

ஈற்றை வெட்டி வேர் காணும் தேடல் நிரல்கள் இத்தகைய இடங்களில் ஏதேனும் ஒன்றைத் தாமாகத் தேர்ந்துவிடும். தேர்வு பிழையாயின் ‘மண்ணூர்பேட்டை’ என்பது ‘மண்ணூர்பேடு’ என்னும் இல்லாத ஊராகிவிடும். பயனர் தம் பக்கம் தேடலில் ஏன் கிடைக்கவில்லை என்பதை அறியவே மாட்டார். நன்கு வடிவமைத்த நிரல் இரு வாய்ப்புகளையும் குறியீட்டகராதியில் சேர்த்துவைக்கும். அல்லது பயனர் தந்த ஊர்ப்பட்டியலை முதற்சான்றாகக் கொள்ளும். ஐயம் நேரும் இடத்தில் தீர்ப்பைத் தமிழறிந்தவர் கையில் விடுதல் என்பது முன்னர்க் கூறிய விலக்கு அட்டவணையின் நெறியே.

அகர வரிசையிலும் இதே நெறி வேண்டப்படுகிறது. யூனிக்கோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. மெய்யைக் குறிக்கும் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் நிற்கிறது. ஆதலின் எண்வரிசைப்படி அடுக்கும் சொல்லடைவுச் செருகுநிரல் ‘பவளம்’ என்பதற்கு முன் ‘பழம்’ என்பதையும், ‘கல்’ என்பதற்கு முன் ‘கனி’ என்பதையும், ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’ என்பதையும் வைக்கும். யூனிக்கோடு நிறுவனத்தின் பொது வட்டாரத் தரவுத் தொகுப்பில் தமிழுக்குரிய வரிசை முறை உள்ளது. மீடியாவிக்கியும் பகுப்புகளின் வரிசை முறையை அமைப்பில் தேர்ந்துகொள்ள இடம் தருகிறது. இதனின்று பெறப்படுவது, மூல மென்பொருள் ‘வரிசைப்படுத்துதல்’ என்னும் செயலை நீட்சிப் புள்ளியாக விட்டிருந்தால் மட்டுமே தமிழ் வரிசை நுழைய முடியும் என்பது.

வழுவும் நீக்கமும்

செருகுநிரல் பழுதுபடும்போதும் நீக்கப்படும்போதும் என்ன நிகழும் என்பதே நிரலறியாப் பயனருக்கு மிகப் பெரிய வினா. 2019 மே மாதத்தில் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்புக்கு முன், ஒரு செருகுநிரலின் கடும்பிழை தளம் முழுவதையும் வெற்றுத் திரையாக்கி, நிருவாகப் பக்கத்தையும் மூடிவிடக்கூடும். அப்பதிப்பிலிருந்து நிருவாகிக்கு ஒரு மின்னஞ்சல் செல்கிறது. அதிலுள்ள இணைப்பின் வழி அவர் நுழைந்தால், பழுதான செருகுநிரல் அவருடைய அமர்வில் நிறுத்திவைக்கப்படுகிறது; அவர் உள்ளே சென்று அதனைச் செயலிழக்கச் செய்யலாம். எது பழுது என்பதைப் பெயர் சுட்டிக் கூறுதல் இதன் சிறப்பு. உருபுச் செருகுநிரலிலும் இது வேண்டும். விதி எதிலும் அடங்காத சொல் வந்தால் நிரல் தானே ஒரு வடிவத்தைப் புனையக்கூடாது. பெயரை மாற்றாமல் விட்டு, ‘இப்பெயருக்கு வடிவம் தருக’ எனப் பயனருக்குக் காட்ட வேண்டும்.

நீக்கம் இன்னும் நுட்பமானது. 2008-இல் வேர்ட்பிரஸ் 2.5 பதிப்பில் ஷார்ட்கோடு என்னும் குறுங்குறி வசதி வந்தது. பகர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதினால் பக்கம் காட்டப்படும்போது செருகுநிரல் அதனை உள்ளடக்கமாக மாற்றும். சேமிக்கப்படுவது குறி மட்டுமே. செருகுநிரல் நீக்கப்பட்டாலோ, அதை எழுதியவர் பராமரிப்பைக் கைவிட்டாலோ, பக்கமெங்கும் அடைப்புக்குறிகள் எஞ்சும். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த கட்டத் தொகுப்பி வேறு முறையைக் கொண்டது. நிலையான கட்டங்களில் இறுதி உள்ளடக்கமே சேமிக்கப்படுகிறது. கட்டத்தின் பெயரும் அமைப்பும் வாசகருக்குத் தெரியாத குறிப்புகளாக அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. செருகுநிரல் நீங்கினாலும் எழுதியது படிக்கத்தக்கதாகவே இருக்கும். காட்டும்போது மட்டும் உருவாகும் இயங்கு கட்டங்களுக்கு இப்பயன் இல்லை.

தமிழ் உரைக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. உருபுச் செருகுநிரல் ‘மேனாம்பேட்டில்’ என்னும் முடிந்த வடிவத்தையே பக்கத்தில் எழுதிவைத்து, ‘மேனாம்பேடு, ஏழாம் வேற்றுமை’ என்பதைக் குறிப்பாக உடன் வைக்க வேண்டும். ஊர்ப்பெயர் மாறினால் குறிப்பைக் கொண்டு வடிவத்தை மீண்டும் ஆக்கலாம். செருகுநிரல் மறைந்தாலும் தமிழ்த் தொடர் சிதையாது. ஒரு செருகுநிரலின் தகுதியை அறிய எளிய சோதனை உண்டு: அதனை நீக்கிவிட்டுப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நீக்கிய பின்னும் தொடர் தமிழாக நிற்குமாயின் வடிவமைப்பு நன்று.

அதிகாரப் படிநிலை

நிரலறியாதோர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். 1993-இல் வெளிவந்த ‘எ ஸ்மால் மேட்டர் ஆஃப் புரோகிராமிங்’ என்னும் நூலில் போனி நார்டி, இறுதிப் பயனர்கள் தனித்து இயங்காமல், தம் குழுவில் சற்றுக் கூடுதலாகக் கணினி அறிந்த ஒருவரைச் சார்ந்து பணியாற்றுவதை எடுத்துக்காட்டினார். கடை வைத்திருப்பவருக்கு அவர் மகளோ, பள்ளிக்கு அங்குள்ள ஆசிரியர் ஒருவரோ இத்தகைய துணையாக அமைவதுண்டு. வடிவமைப்பு இந்த இடைநிலையாளரையும் கருத வேண்டும்.

விக்கித் தளங்கள் இதற்கு நல்ல சான்று. வார்ப்புருவைப் பயன்படுத்துதல் எவர்க்கும் இயலும்; எழுதுதல் தொகுப்போர்க்கு இயலும்; பரவலாகப் பயன்படும் வார்ப்புருக்கள் காப்புக்கு உட்படும். கருவிகள் எனப்படும் சிறு நிரல்களைப் பயனர் தம் விருப்பத்தேர்வில் ஒரு குறியிட்டு இயக்கலாம். அவற்றைத் திருத்தும் உரிமை 2018 முதல் இடைமுக நிருவாகிகளுக்கு மட்டும் உரியது. நீட்சிகளை நிறுவுதல் வழங்கியை நிருவகிப்போர் பணி. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கூடுவதற்கேற்பப் பொறுப்பும் கூடுகிறது.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பதிப்பிக்கப்படுவதும் இவ்வழியிலேயே. மெய்ப்புப் பார்க்கும் நீட்சி, நூலின் படிமத்தையும் எழுத்துரையையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே காட்டுகிறது. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பாகவும், பார்க்கப்பட்டது மஞ்சளாகவும், சரிபார்க்கப்பட்டது பச்சையாகவும் தோன்றும். மெய்ப்புப் பார்த்தவரே அதனைச் சரிபார்த்ததாகக் குறிக்க இயலாது, மற்றொருவர் வேண்டும். பதிப்புத் துறையின் நெடுநாள் ஒழுங்கு ஒன்று நீட்சிக்குள் விதியாக அமைந்துள்ளது. பங்களிப்போர் நிரல் அறியவேண்டியதில்லை. மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட அறிந்திருந்தால் போதும். உருபுச் செருகுநிரலின் விலக்கு அட்டவணைக்கும் இவ்வொழுங்கு பொருந்தும்: ஒருவர் சேர்த்த வடிவத்தை மற்றொருவர் உறுதி செய்த பின்னரே அது பொதுப் பயன்பாட்டுக்கு வரலாம்.

முடிவுரை

வார்ப்புருவின் கட்டத்தில் இடப்படும் பெயர், தமிழில் மாறாப் பொருளன்று. தொடரில் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறுவது. அதனை அறியாத வார்ப்புரு தமிழைப் பிழைபடக் காட்டும். அதனைச் சரிசெய்ய வரும் செருகுநிரல் பின்வரும் நெறிகளைக் கொள்ள வேண்டும் எனக் கண்டறியப்பட்டது. மூல மென்பொருள், சொல்லாக்கத்தையும் வரிசைப்படுத்துதலையும் நீட்சிப் புள்ளிகளாக விடவேண்டும். விதி நிரலிலும், விலக்கு அட்டவணையிலும், விருப்பம் அமைப்புப் பக்கத்திலும் பிரிந்து நிற்க வேண்டும். இயங்கும் வரிசை பெயரிட்ட படிகளாக அமைய வேண்டும். ஐயம் நேருமிடத்தில் நிரல் தானே முடிவு செய்யாமல் பயனரைக் கேட்க வேண்டும். நீக்கப்பட்ட பின்னும் எழுதிய தமிழ் படிக்கத்தக்கதாக எஞ்ச வேண்டும்.

இவற்றுள் விதிகளைத் தொகுப்பதும், விலக்குகளைத் திரட்டுவதும், இருவகை வடிவங்களுள் வழக்கைப் பதிவு செய்வதும் நிரலரால் மட்டும் முடியும் பணிகள் அல்ல. ‘-பேடு’, ‘-காடு’, ‘-பாக்கம்’, ‘-வாயல்’ என முடியும் ஊர்ப்பெயர்களின் வேற்றுமை வடிவங்களை வட்டாரந்தோறும் திரட்டி, எவரும் தம் தளத்தில் சேர்த்துக்கொள்ளத்தக்க திறந்த அட்டவணையாக வெளியிடுதல் தமிழ்த்துறை மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். அத்தகைய அட்டவணை கிடைக்குமாயின், மேனாம்பேட்டில் பட்டறை வைத்திருப்பவர் தம் ஊர்ப்பெயரைப் பிழையின்றித் தமிழில் காட்டுவதற்கு நிரலும் கற்க வேண்டியதில்லை, ஆங்கிலத்தை நாடவும் வேண்டியதில்லை.